சக்கரம் நகர்ந்தால்தான் டூட்டி

அன்று கம்பெனி ஆபீஸில் இருந்தவர்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி. நெற்றியில் பட்டை, கையில் செல்போன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர். நின்றுகொண்டிருந்தார். முதலாளி போன பிறகு அதே நாற்காலியில் அவர் உட்காருவார்.

டிரைவர் ராமலிங்கம். அன்றைய குற்றவாளி.

கண்டக்டர் கலியபெருமாள். ராமலிங்கத்தின் வண்டியில் பை மாட்டியவர். அதனால் சாட்சி.

நான், டிரைவர் ஆரோக்கியம். அடுத்த வண்டி ஓட்டுபவன். என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்லவில்லை. பார்த்துத் திருந்தட்டும் என்று இருக்கலாம்.

சுவரில் முதலாளியின் அப்பா. மாலை போட்ட படம். அவரையும் சேர்க்க வேண்டும். கடைசியில் அவர்தான் எங்களுக்கு உதவினார்.

வருடம் 2006. கடலூர் - சிதம்பரம் லைன். தனியார் கம்பெனி, பேர் வேண்டாம். நான் எட்டாவது வரை படித்தவன். டிரைவர் பேட்ஜ் வாங்கி பஸ் ஓட்ட வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன். எழுதுவதற்கும் சம்பளம் இல்லை.

1. குற்றம்

ராத்திரி கடைசி டிரிப் முடிந்ததும் வண்டி கடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே ஹால்ட். விடியற்காலை முதல் டிரிப். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. ஆயில் பார்க்க வேண்டும். ரேடியேட்டருக்குத் தண்ணீர். டயரைத் தட்டிப் பார்க்க வேண்டும். வீல் நட் இறுக்கம், லைட், வைப்பர், கண்ணாடி. பிரேக்குக்குக் காற்று நிற்கிறதா, எங்காவது கசிகிறதா. ஒழுங்காகப் பார்த்தால் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

இந்த முக்கால் மணி நேரத்துக்கு கம்பெனியில் பேர் கிடையாது. பேர் இல்லாததால் சம்பளமும் கிடையாது. சக்கரம் நகர்ந்தால்தான் டூட்டி. அதற்கு முன்னால் நீ வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் சொந்த ஆசைக்குப் படுத்திருக்கிறாய் என்று அர்த்தம்.

நான் பன்னிரண்டு வருடம் அப்படிப் படுத்தேன். கேள்வி கேட்கவில்லை. யோசித்திருந்தால்தானே கேட்பதற்கு.

ராமலிங்கம் யோசித்தான். யோசிக்கிற டிரைவர் கம்பெனிக்கு ஆகாது.

அவன் வீடு நெல்லிக்குப்பம். மனைவிக்குப் பிரசவமாகி ஒரு மாதம். உடம்பு தேறவில்லை. பால் காய்ச்சி, வெந்நீர் போட்டு வைத்துவிட்டுத்தான் கிளம்ப முடியும். அதனால் பயணிகள் ஏறுகிற நேரத்துக்குத்தான் ஸ்டாண்டுக்கு வந்து சேருவான். வந்து, ஏறி உட்கார்ந்தவர்கள் முன்னாலேயே பானட்டைத் திறந்துவிட்டான். எங்கள் வண்டிகளில் இன்ஜின் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். பானட் என்பது அதன் மூடி. கூட்டம் இருந்தால் அதன் மேலும் ஆள் உட்காரும். உட்கார்ந்திருந்த ஆளை எழுப்பி, மூடியைத் தூக்கி, ஆயில் கோலை உருவி லைட்டில் பிடித்துப் பார்த்திருக்கிறான்.

முதலாளி ஆரம்பித்தார்.

"ஏம்பா ராமலிங்கம், பாசஞ்சர் முன்னாடி இன்ஜின தொறந்தா அவன் என்னா நெனப்பான்?"

"இன்ஜின பாக்கறான்னு நெனப்பான் மொதலாளி."

"ரிப்பேருன்னு நெனப்பான். எறங்கி பின்னாடி நிக்கிற வேற கம்பெனி வண்டிக்குப் போயிடுவான்."

"போயிட்டாங்க மொதலாளி. பாதி வண்டி காலி" என்றார் கலியபெருமாள். சாட்சி வேலை அத்துடன் முடிந்தது.

மேனேஜர் சொன்னார்: "பாசஞ்சர் வர்றதுக்கு முன்னாடி பாத்து முடிச்சிடணும். மத்தவங்க எல்லாம் பாக்கல? இதோ ஆரோக்கியம் பாக்கல?"

நான் தலையாட்டினேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

"முன்னாடி வந்தா டூட்டி உண்டா சார்?" என்றான் ராமலிங்கம்.

"சக்கரம் நவுந்தாதான் டூட்டி. ஒனக்குத் தெரியாதா?"

"அப்ப சக்கரம் நவுந்தப்புறம் பாக்கறேன்."

"நவுந்தப்புறம் எப்பிடிய்யா டயரத் தட்டுவ?"

"அதான் சார் நானும் கேக்கறேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்தது. மேனேஜர் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"இங்க பாரு" என்றார் முதலாளி. "இன்னொரு தடவ பாசஞ்சர் முன்னாடி ரிப்பேரு கடை வெச்ச, இல்ல டயத்துக்கு வண்டிய எடுக்கல, கணக்க முடிச்சிக்கிட்டு கெளம்பிடு. அவ்ளோதான்."

வெளியே வந்தோம். டீக்கடையில் நான் சொன்னேன்: "கொஞ்சம் சீக்கிரமா வந்து தொலையேன்யா."

"சம்பளம் இல்லாம ஆயில தொட மாட்டேன் மச்சான்."

"அப்ப பாக்காம எடு."

"பாக்காம வண்டிய எடுக்கவும் மாட்டேன். அம்பது உசுரு."

"ரெண்டும் மாட்டேன்னா?"

"ரெண்டும் மாட்டேன்."

கலியபெருமாள் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்குப் போறேன்னு சொல்லு. பால் காய்ச்சறதுக்கு டைம் நெறைய கெடைக்கும்."

ராமலிங்கம் சிரிக்கவில்லை. கைக்குழந்தைக்காரன். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. ஒரு கம்பெனி துரத்தினால் அடுத்த கம்பெனி வாசலுக்கு அவன் போவதற்குள் சேதி போய்விடும்.

2. மேலே ஓட்டுகிறவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்மண்டலத்தில் என் தங்கை வீட்டில் விசேஷம். அவள் மகன் மார்ட்டினுக்கு நிச்சயதார்த்தம். மார்ட்டின் பைலட். இருந்த ஒரு மனையை விற்றுப் படிக்க வைத்தார்கள். பிளேன் டிக்கெட் விலை இறங்கி, கண்டவர்களும் ஏறுகிற காலம் அது. கம்பெனிகளுக்கு ஓட்ட ஆள் போதவில்லை. வேலை உடனே கிடைத்தது.

ராமலிங்கத்தையும் கூட்டிப் போனேன். மனசு சரியில்லை, வரவில்லை என்றான். பிரியாணி என்றேன். வந்தான்.

மாடியில் பந்தி. எங்களுக்கு எதிரே மார்ட்டினோடு வேலை செய்யும் இரண்டு பேர். ஒருவர் கேப்டன், வயசானவர், சென்னைக்காரர். இன்னொன்று சுமதி என்று திருச்சிப் பெண். அதுவும் பைலட்தான். நாங்கள் டிரைவர்கள் என்று மார்ட்டின் அறிமுகம் செய்தான். நாங்களும்தான் என்று சுமதி சொன்னது. எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

ராமலிங்கம் சும்மா இருக்கவில்லை. "உங்களுக்கு டூட்டி எப்ப தொடங்குது சார்?" என்று கேப்டனைக் கேட்டான்.

"ஒரு மணி நேரம் முன்னாடி ஏர்போர்ட்டுல ரிப்போர்ட் பண்ணணும்."

"சம்பளம் எப்பலேந்து?"

கேப்டன் எலும்பை ஓரமாக வைத்தார். "பிளைட் நவுந்ததுலேந்து."

"சக்கரம் நவுந்தா?"

"சக்கரம் நவுந்தா. கொறஞ்சபட்சம் இத்தன மணி நேரம்னு மாசத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மத்தபடி மீட்டர் சக்கரத்துலதான்."

ராமலிங்கம் கையில் எடுத்த சோற்றை இலையில் போட்டான். இது கடலூரில் மட்டும் உள்ள சட்டம் என்று நினைத்திருந்தான் போல. அவ்வளவு உயரத்திலும் அதே சட்டம்.

மார்ட்டின் சொன்னான்: "ரிப்போர்ட் பண்றது பரவாயில்ல மாமா. வீட்டுல படிக்கிறதுதான் ஜாஸ்தி. கம்பெனி சர்க்குலர் அனுப்பிக்கிட்டே இருப்பான். ரன்வே மாத்தி வெச்சான், ரூல மாத்தி வெச்சான்னு. ஆறு மாசத்துக்கு ஒரு பரீட்சை வேற. எல்லாத்துக்கும் லீவு நாள்லதான் படிக்கணும்."

"எப்ப படிப்ப?"

"பாத்ரூம்ல. அது என் நேரமும் இல்ல, கம்பெனி நேரமும் இல்ல."

சாம்பார் வாளியோடு போன என் தங்கை நின்றாள். "அதான் உள்ள போனா வெளிய வர மாட்டேங்கறியா? நான் வயித்துக்கு ஏதோன்னு ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்துக்கிட்டிருக்கேன்."

கேப்டன் வேறு கட்சி. "வீட்டுல படிக்கிறது தொழிலுக்கு கவுரவம்மா. டாக்டர் வீட்டுல படிக்கிறதில்லையா? வாத்தியார் படிக்கிறதில்லையா? நமக்குக் குடுக்குற சம்பளத்துலயே அதுவும் சேத்தின்னு வெச்சுக்கணும்."

"எங்க எழுதியிருக்கு கேப்டன்?" என்றது சுமதி.

"எழுதணுமா?"

"கவுரவத்த ஹவுஸ் லோனுக்குக் கட்டுனா பேங்க்ல வாங்கிக்குவாங்களா?"

கேப்டன் தயிர்ப் பச்சடி கேட்டார்.

ராமலிங்கம் விடவில்லை. "எல்லாருமா சேந்து ஒரு நாள் படிக்காம போங்களேன் சார்."

"படிக்காம போனா அடிபடுறது கம்பெனி இல்லப்பா. பின்னாடி உக்காந்திருக்கவன், முன்னாடி உக்காந்திருக்க நான்."

"அது கம்பெனிக்குத் தெரியுமா சார்?"

"நல்லாவே தெரியும்."

"அப்ப எதுக்கு சார் சம்பளம் குடுப்பான்?"

"இதத்தான் நான் சேந்த நாள்லேந்து சொல்றேன்" என்றது சுமதி.

கேப்டன் கோபப்படவில்லை. நல்ல மனுஷன். ஒன்று மட்டும் சொன்னார். வண்டி ஏறுவதற்கு முன் விமானத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டுமாம். டயர், இறக்கை, கசிவு எல்லாம் பார்த்துக்கொண்டே. அதை யாரும் அவசரப்படுத்த முடியாதாம். சட்டமாம்.

"அதுக்கும் மீட்டர் ஓடாது. சக்கரம் இன்னும் நவுரலியே" என்றது சுமதி.

"பாசஞ்சர் பாத்தா பயப்பட மாட்டாங்களா?" என்று ராமலிங்கம் கேட்டான். "எங்க ஆளுங்க நாங்க குனிஞ்சாலே எறங்கி ஓடுறாங்க."

சுமதி கொஞ்சம் யோசித்தது. "எங்களுக்குத் தோள்ல பட்டை இருக்குண்ணா, தொப்பி இருக்கு. அதப் போட்டுக்கிட்டு மெதுவா சுத்தி வந்தா ஏதோ சடங்கு நடக்குதுன்னு நெனச்சுக்குவாங்க. சடங்குன்னா யாருக்கும் பயம் வராது. நிறுத்தச் சொல்லவும் மாட்டாங்க."

ராமலிங்கம் அதற்குப் பிறகு பேசவில்லை. இரண்டாம் தடவை பிரியாணி வந்தபோதும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

திரும்பும்போது என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்திருந்தான். பாதி வழியில் தோளைத் தட்டினான்.

"மச்சான், சூடம் பாக்கெட்டு என்னா வெலை?"

3. பூஜை

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் முதல் டிரிப்புக்கு முன்னால் வண்டிக்குப் பூஜை. சூடம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். எல்லா ஊரிலும் உள்ளதுதான். இங்கே கூடுதலாக ஒன்று. பூஜை நாளில் மட்டும் சூடம் ஏற்றியதிலிருந்தே டூட்டி. முதலாளியின் அப்பா வைத்த சட்டம். சாமி காரியத்துக்குக் கூலி கொடுக்காமல் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று அவர் நம்பினார். ஆயில் காரியத்துக்குக் கொடுக்காவிட்டால் குடும்பத்துக்கு ஒன்றும் ஆகாது போல.

திங்கட்கிழமை காலை. வெள்ளியும் இல்லை, அமாவாசையும் இல்லை. பயணிகள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். ராமலிங்கம் குளித்து, பட்டை அடித்து, தட்டில் சூடம், பூ, எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றான்.

"எல்லாரும் உக்காந்தபடியே வேண்டிக்குங்க. தெனமும் பூஜை போட்டுட்டுதான் வண்டிய எடுக்கறதுன்னு வேண்டுதல்."

யாரும் இறங்கவில்லை. இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள்.

முதலில் இன்ஜினுக்குச் சூடம். மூடியைத் திறக்காமல் எப்படிக் காட்டுவது? திறந்தான். பானட் மேல் உட்கார்ந்திருந்தவர் தானாக எழுந்து கையைக் கூப்பினார். ஆயில் கோலை உருவித் துடைத்து, விட்டு எடுத்து, சூட வெளிச்சத்தில் பார்த்தான். கோலுக்கு ஒரு பொட்டு வைத்தான். முன்பக்கம் போய் ரேடியேட்டருக்குச் சொம்பால் தண்ணீர் ஊற்றினான். ஒரு அம்மா அந்தத் தண்ணீரைக் கையில் கேட்டார். கொடுத்தான்.

பிறகு வண்டியை வலம் வந்தான். ஒவ்வொரு டயராக இரும்புக் கம்பியால் தட்டினான். தட்டும்போதெல்லாம் கலியபெருமாள் மணி அடித்தார். ஸ்பேனர் மட்டும் கொஞ்சம் உறுத்தலாக இருந்தது. அதற்கும் பூ சுற்றி வைத்திருந்தான்.

கடைசியில் மௌனம். இதுதான் முக்கியம். இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு கலியபெருமாள் டிரைவர் சீட்டில் ஏறி பிரேக்கை அழுத்திக்கொண்டு உட்காருவார். யாரும் பேசக் கூடாது. ராமலிங்கம் ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பயணிகளும் கண்ணை மூடினார்கள். அவர்கள் சாமியை நினைத்தார்கள். அவன் காற்றுக் கசிகிற சத்தம் கேட்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். எங்கள் ஸ்டாண்டில் அவ்வளவு அமைதியை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. வண்டி டயத்துக்குக் கிளம்பியது.

மூன்றாம் நாள் மேனேஜர் வந்துவிட்டார்.

"என்னாய்யா இது? இன்னிக்கு என்னா வெள்ளிக்கெழமையா?"

ராமலிங்கம் பதில் சொல்லவில்லை. அவன் மௌனத்தில் இருந்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பூக்கார அம்மா சொன்னார்: "சாமி கும்புட்டா உனக்கு எங்க நோவுது? நல்ல காரியத்துல வந்து கத்திக்கிட்டு."

மேனேஜர் முதலாளியிடம் போனார். பூஜை டூட்டி தினமும் எழுத வேண்டி வருகிறது என்றார். முதலாளி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாராம். சாமி கும்பிடாதே என்று எப்படிச் சொல்வது? கும்பிடு, ஆனால் கூலி இல்லை என்று அப்பா முன்னால் எப்படிச் சொல்வது?

"எழுதுங்க" என்றாராம்.

இரண்டு வாரத்தில் எல்லா டிரைவருக்கும் பக்தி வந்துவிட்டது. எனக்கும் வந்தது. நான் தட்டோடு நின்றதைப் பார்த்து மேனேஜர் கேட்டார்.

"ஏன்யா, நீ கிறிஸ்துவன் ஆச்சே?"

"நான்தான் சார் கிறிஸ்துவன். வண்டி இந்து."

4. உத்தரவு

மேனேஜர் முட்டாள் இல்லை. ஒரு நாள் தட்டில் இருந்த துணியை எடுத்து மோந்து பார்த்தார். இன்ஜின் ஆயில்.

"பூஜைக்கு எதுக்குய்யா ஸ்பேனரு?"

"முருகனுக்கு வேல் இல்லியா சார்?" என்றார் கலியபெருமாள்.

அன்றே முதலாளி காதுக்குப் போனது. பூஜை இல்லை, செக்கிங். உங்கள் அப்பா பேரைச் சொல்லி உங்களையே ஏமாற்றுகிறார்கள். முதலாளிக்கு அது சுட்டுவிட்டது. பணத்தைவிட அது சுட்டது என்று நினைக்கிறேன்.

மார்கழி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். வருடத்தில் பெரிய கலெக்‌ஷன் அன்றைக்குத்தான். ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. ராமலிங்கத்தின் வண்டியில் படிக்கட்டு வரை ஆள். முதலாளியும் மேனேஜரும் நேரிலேயே வந்துவிட்டார்கள்.

ராமலிங்கம் தட்டோடு வந்தான். முதலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"இன்னிக்குப் பூஜை கெடையாது. ஏறு, வண்டிய எடு."

"மொதலாளி..."

"எல்லாம் தெரியும். இனிமே பழையபடி வெள்ளி, அமாவாசைதான். அதுவும் சூடம் மட்டும். ஏறுறியா, கணக்கு முடிக்கட்டுமா?"

மேனேஜர் பக்கத்தில் நின்ற ஸ்பேர் டிரைவரைப் பார்த்தார். ஆள் தயாராக இருந்தது. நான் என் வண்டியிலிருந்து இறங்கி வந்தேன். வந்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சும்மா நின்றேன்.

ராமலிங்கம் தட்டிலிருந்த சூடத்தைப் பார்த்தான். அவன் நெல்லிக்குப்பத்தைத்தான் நினைத்திருப்பான். குழந்தைக்கு ஐந்தாவது மாதம்.

"மௌனம் மட்டும் போட்டுட்டு எடுக்கறேன் மொதலாளி. அரை நிமிஷம்."

முதலாளி வேண்டாம் என்று சொல்வதற்குள் கலியபெருமாள் சீட்டில் ஏறி பிரேக்கை அழுத்திவிட்டார். இன்ஜின் நின்றது. பழகிய பயணிகள் கண்ணை மூடினார்கள். புதுசாக வந்தவர்களும் அவர்களைப் பார்த்து மூடினார்கள்.

முன் சக்கரம் இரண்டும் ஆயிற்று. வலது பின் சக்கரம் ஆயிற்று. இடது பின் சக்கரத்தருகில் போனவன் அங்கேயே நின்றுவிட்டான். வெகுநேரம் நின்றான். மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

ராமலிங்கம் கண்ணைத் திறந்தான்.

"உத்தரவு இல்லீங்க."

"என்னாது?"

"வண்டி எடுக்க உத்தரவு இல்லீங்க மொதலாளி."

மேனேஜர் கத்தினார். "பாத்தீங்களா சார்? இவன எறக்குங்க. யோவ், நீ ஏறுய்யா!" ஸ்பேர் டிரைவர் ஒரு காலைப் படியில் வைத்தான். எடுத்துவிட்டான். உள்ளே பூக்கார அம்மா எழுந்துவிட்டார்.

"உத்தரவு இல்லாத வண்டில நான் வர மாட்டேன். தம்பி, கூடைய எறக்கு."

அந்த அம்மா இறங்க, பின்னால் பத்துப் பேர் இறங்கினார்கள். படிக்கட்டில் இருந்தவர்கள் முதலில் இறங்கினார்கள்.

முதலாளி ராமலிங்கத்தைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மெல்ல நடந்து இடது பின் சக்கரத்துக்கு வந்தார். ராமலிங்கம் ஒதுங்கி இடம் விட்டான். முதலாளி சால்வையைக் காதிலிருந்து விலக்கிக்கொண்டு, குனிந்து, கண்ணை மூடினார்.

எனக்கு இரண்டடி தள்ளியே கேட்டது. பாம்பு சீறுவதுபோல மெல்லிசாக. பிரேக்கை அழுத்தியிருக்கும் வரை கேட்டது. விட்டால் நின்றுவிடும். சக்கரம் நகர்ந்த பிறகு, இன்ஜின் சத்தத்தில் அதை யாரும் கேட்க முடியாது.

முதலாளிக்கும் கேட்டது. மார்கழிக் குளிரில் பட்டைக்குக் கீழே அவருக்கு வேர்த்திருந்தது.

நிமிர்ந்தார். எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேக்கில் கோளாறு என்று சொன்னால் அந்தக் கம்பெனி வண்டியில் அன்று ஒருவரும் ஏறியிருக்க மாட்டார்கள். அது அவருக்குத் தெரியும்.

"சாமிக்கு இஷ்டமில்ல" என்றார் சத்தமாக. "ஆரோக்கியம், உன் வண்டிய இந்த டயத்துல எடு. எல்லாரும் அதுல ஏறுங்க."

"அதுக்கு உத்தரவு ஆச்சா?" என்று பூக்கார அம்மா கேட்டார்.

"ஆச்சும்மா" என்றேன். முதலாளி வருவதற்கு முன்பே நான் சூடம் காட்டி முடித்திருந்தேன்.

கூட்டம் முழுவதும் என் வண்டிக்கு மாறியது. பின்னால் நின்ற கம்பெனிக்கு ஒரு டிக்கெட்டும் போகவில்லை. மெக்கானிக் வந்து சக்கரத்தருகில் பிரித்தார். பிரேக்குக்குக் காற்றுப் பிடிக்கிற ரப்பர் கிழிந்திருந்தது. வெள்ளாற்றுப் பாலத்துக்குப் போவதற்குள் முழுசாகக் கிழிந்திருக்கும் என்றார். நிரம்பிய வண்டி.

முதலாளி கிளம்பும்போது ராமலிங்கம் போய் நின்றான்.

"நாளைக்கு வரட்டுமா, வேணாமா மொதலாளி?"

"நீ வரலன்னா பூஜைய யாரு போடுவா?" என்றார் அவர். ராமலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்.

5. பாடம்

மறுவாரம் எல்லா வண்டியிலும் முன் கண்ணாடியில் எழுதி ஒட்டினார்கள்: தினசரி பூஜை செய்து இயக்கப்படும் பேருந்து. கூட்டம் ஏறியது. பின்னால் நிற்கிற கம்பெனிக்காரர்களும் சும்மா இருப்பார்களா? அவர்களும் தினமும் பூஜை ஆரம்பித்தார்கள். சூடம் மட்டும் காட்டினார்கள். மூடியைத் திறக்கவில்லை. அந்த வண்டிகளையும் சாமி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு யாரும் பார்க்கவில்லை.

மேனேஜருக்கு எங்கள் மேல் கோபம் தீரவில்லை. அதை அவர் தீர்த்துக்கொண்ட விதத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

மார்ட்டின் போன் செய்யும்போதெல்லாம் கேட்பேன். படிக்கிற நேரத்துக்குச் சம்பளம் கேட்டு அவர்கள் ஆபீஸுக்கு எழுதினார்களாம். படிப்பது உங்கள் சொந்த முன்னேற்றத்துக்கு என்று பதில் வந்ததாம். அந்தப் பதிலே ஒரு சர்க்குலர். அதையும் வீட்டில் உட்கார்ந்துதான் படித்தார்களாம்.

"சுமதி கேக்க சொன்னாங்க மாமா. எங்களுக்கும் ஒரு பூஜை சொல்லிக் குடுப்பீங்களான்னு."

"பிளேன்ல சூடம் ஏத்தலாமா?"

"தீப்பெட்டியே விட மாட்டான்."

"அப்ப பாத்ரூம்லயே படி."

கேப்டன் ரிட்டயர் ஆகிவிட்டார். இப்போதும் தினமும் காலையில் எழுந்து வெதர் பார்க்கிறாராம். எங்கும் போவதில்லை. சும்மா பார்க்கிறாராம். பழைய கணக்குப்படி அப்போது பார்த்ததும் டூட்டி இல்லை, இப்போது பார்ப்பதும் டூட்டி இல்லை. அவருக்கு ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

எனக்குக் கண் புரை வந்து 2012ல் வண்டியை விட்டேன். ராமலிங்கம் இன்னும் ஓட்டுகிறான்.

பிள்ளைகளே, நான் கற்றுக்கொண்டது இதுதான். வேலைக்கு முன்னால் செய்கிற வேலையும் வேலைதான். அது முதலாளிக்கும் தெரியும். நீ அதைச் செய்யாமல் இருக்க மாட்டாய் என்பதும் தெரியும். அதனால் வேலை என்று சொல்லிக் கேட்டால் காசு வராது. வேறு ஒரு பேர் வைத்துக் கேட்க வேண்டும். பேர் வைத்தாலும் சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே.

மேனேஜர் விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பு ஒட்டிய மறுநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். முதலாளி இல்லை. நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார், நாங்கள் நின்றோம்.

"பூஜைக்கு டூட்டி குடுத்தாச்சு. சந்தோஷம்தான? இனிமே தட்டு கழுவறது, பூ வாங்கறது, எலுமிச்சம்பழம் பாத்து எடுக்கறது, இதெல்லாம் சூடம் ஏத்தறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். அது உங்க நேரம். சூடம் எரிஞ்சாதான் டூட்டி."

ராமலிங்கம் என்னைப் பார்த்தான். நான் கலியபெருமாளைப் பார்த்தேன். கலியபெருமாள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். இந்தத் தடவை முதலாளியின் அப்பா உதவவில்லை.

தட்டு, பூ, பழம் எல்லாம் சேர்த்து, ஒரு வண்டிக்கு, ஒரு நாளைக்கு, சம்பளமில்லாமல்: பதினோரு நிமிடம்.